ஏழே முக்காலாவது வரிசை

எங்கள் பேட்டையில் யார் எதைப் புதிதாக வாங்கி வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பழசுக்கு இன்னா கேடு வந்துச்சு?" மிக்சிக்கும் இதே கேள்வி, இரண்டாம் கல்யாணத்துக்கும் இதே கேள்வி. பைத்தான் என்கிற கணினி மொழியின் இரண்டாம் பதிப்பை விட்டு மூன்றாம் பதிப்புக்கு மாறப் போகிறேன் என்று நான் சொன்னபோதும் அதையேதான் கேட்டார்கள். கேட்டவர் என் முதலாளி. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். ஊருக்கே அவர் பாய், எனக்கும் பாய்.

உலகமெல்லாம் மூன்றாம் பதிப்புக்கு மாறி, மாறியதையே மறந்துபோன பிறகுதான் அது எங்களுக்குப் புதுசாக வந்து சேர்ந்தது. இதற்காக நான் வெட்கப்படத் தயாராக இல்லை. எங்கள் ராயபுரத்துக்கு ரயில் ஒன்றுதான் முந்தி வந்தது. மற்றதெல்லாம் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வரும்.

ஐஸ் கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விசைப்படகு கடலுக்குப் போகுமுன் அதன் அடித்தளத்தில் உடைத்த ஐஸை நிரப்ப வேண்டும். எங்களிடம் ஐஸ் உடைக்கும் மெஷின் நான்கு. ஒரு படகுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆகவே முதலில் டோக்கன் வாங்கிய நான்கு படகுகள் ஒன்றாவது வரிசை, அடுத்த நான்கு இரண்டாவது வரிசை. ஒரு வரிசையில் இருக்கிற நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் உடையும். நான் எழுதிய புரோகிராம் டோக்கன் எண்ணோடு மூன்றைக் கூட்டி, நான்கால் வகுத்து, எந்தப் படகு எத்தனையாவது வரிசை என்று சுவரில் மாட்டியிருக்கும் டிவியில் காட்டும். அவ்வளவுதான். அது வருவதற்கு முன் இந்த வேலையைத் தொண்டையும் முழங்கையும் செய்துகொண்டிருந்தன.

பழைய கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்தது. புதுக் கம்ப்யூட்டரில் பழைய பதிப்பு ஓட மாட்டேன் என்றது. பாயிடம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். சொல்லாத காரணம் இன்னொன்று இருந்தது. பழைய பதிப்பில் நான் எழுதியதில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது. படகின் பெயரைத் தமிழில் அடித்தால் கேள்விக்குறியும் கட்டமுமாகக் கொட்டும். அதனால் எல்லாப் பெயரையும் ஆங்கிலத்தில் போட்டு வைத்திருந்தேன். அந்த வருடம்தான் என் தம்பி சொந்தக்காரர்கள் மூன்று பேரோடு கூட்டாக ஒரு படகு எடுத்து, அதற்கு எங்கள் அம்மாவின் பெயரை வைத்தான். அம்மா துறைமுகத்தில் மீன் விற்கிறவள். அவளுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அவள் பெயர், அதுவும் தமிழில்தான். அந்தப் பெயர் டிவியில் அவள் படிக்கிற மாதிரி வர வேண்டும் என்று எனக்கு ஆசை. இதைப் பாயிடம் சொன்னால், "அதுக்கு ஒரு பெயிண்டரைக் கூப்டா போதுமேம்மா" என்பார்.

இந்த மாற்றத்துக்கு ஒரே எதிரி என் தோஸ்து. கல்லூரியில் என்னோடு படித்தவன், எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் நாலு நாள் எங்கள் கம்பெனி வாசல் டீக்கடைக்கு வந்துவிடுவான். இரண்டாம் பதிப்பின் மேல் அவனுக்கு இருந்த பாசத்தை அவன் பெண்டாட்டியின் மேல் காட்டியிருந்தால் அந்த அம்மா மாத்தூரில் தாய் வீட்டிலேயே பாதி நாள் இருந்திருக்க மாட்டாள்.

"இன்னாம்மே, மூணுக்குப் போறியாமே. முன்ன பிரின்ட்டுன்னு சொன்னா சொன்னதைச் செஞ்சுது. இப்ப அதுக்கு ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டாத்தான் வேலை செய்யுமாம். இன்னா ராங்கு பாரு அதுக்கு" என்றான்.

"தமிழ் வருதுடா. அதைச் சொல்லு."

"நீ கஷ்டப்பட்டு எழுதினதுல பாதி ஓடாது. அதைச் சொல்லு."

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கி, புது என்ஜின் போட்டால் முதல் சீசனில் படகு அடம் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் டீசல் குறைவாகக் குடிக்கும் என்று என் பக்கம் பேசினார். பக்கத்தில் இருந்தவர், பழைய என்ஜின் நடுக்கடலில் நின்றால் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினால் கிளம்பும், புதுசைத் தட்ட முடியுமா என்று அவன் பக்கம் போனார். ஒரு வாரத்துக்குள் டீக்கடையில் ரெண்டு கட்சி, மூணு கட்சி என்று ஆகிவிட்டது. டீ ஆற்றுகிறவர்கூட, "நீ ரெண்டா மூணா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸை நீட்டினார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள் அடைப்புக்குறிக்காக அடித்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள்.

தோஸ்து மட்டும் விடாமல் குறைகளை அடுக்கிக்கொண்டே போனான். ஒருநாள் பதினோராவது குறையை முடித்துவிட்டு, "அப்பால இந்த வகுத்தல்ல ஒரு விசயம் கீது..." என்று ஆரம்பித்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "யார்டுல உனக்கு வேலையே இல்லியா, போய்ப் பாரு போ" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்றைக்கு அந்தப் பன்னிரண்டாவது குறையையும் கேட்டிருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

மாற்றி முடித்தேன். சோதித்தும் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஆனால் எப்படிப் பார்த்தேன் என்பதில்தான் இருக்கிறது என் லட்சணம். முதல் டோக்கனுக்கு அம்மாவின் பெயரைத் தமிழில் அடித்தேன். டிவியில் பளிச்சென்று வந்தது, ஒரு புள்ளி குறையாமல், ஒரு கொம்பு உடையாமல். நிறுத்திவிட்டு மறுபடி முதல் டோக்கன், மறுபடி அம்மா பெயர். இருபது தடவையாவது போட்டிருப்பேன். இரண்டாவது டோக்கனை ஒரு தடவைகூடப் போடவில்லை. பக்கத்தில் வரிசை எண் ஒன்றுக்குப் பதிலாக 1.0 என்று வந்ததைப் பார்த்தேன். புதுசு இல்லையா, கொஞ்சம் உதார் காட்டுகிறது என்று விட்டுவிட்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நாள்தான் புதுப் பதிப்பு ஓடுகிற முதல் நாள். அன்று நள்ளிரவு தாண்டினால் எல்லா விசைப்படகும் கடலுக்குப் போகலாம், ஆகவே பகல் முழுக்க எல்லாருக்கும் ஐஸ் வேண்டும். என் தம்பிக்கு அது டிரைவராக முதல் பயணம். அவன் படகில் எட்டுப் பேர். எங்கள் துறைமுகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஐஸ் ஏறாத படகில் ஆள் நிற்க மாட்டான், சாயங்காலத்துக்குள் ஐஸ் ஏறிய படகுக்குத் தாவிவிடுவான். அதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை, அவனுக்கும் வயிறு இருக்கிறது. தம்பியோடு கூட்டுச் சேர்ந்த மூன்று பேரும், முதல் நாள் படகு கிளம்பாவிட்டால் வேறு டிரைவர் பார்ப்போம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் என்றால் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

தம்பிக்கு இருபத்தெட்டாவது டோக்கன். கணக்குப்படி ஏழாவது வரிசை, மத்தியானத்துக்குள் ஐஸ் ஏறிவிடும். காலை ஆறு மணிக்கு முப்பத்தாறு படகுகளின் பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்து டிவியைப் போட்டேன். வரிசையாகத் தமிழில் பெயர்கள் வந்ததும் கூட்டத்தில் விசில் பறந்தது. நான் வாசலில் நின்று அதை வாங்கிக்கொண்டேன். அப்புறம் யாரோ, "அது இன்னா அது பக்கத்துல?" என்றார்கள்.

முதல் படகுக்கு 1.0. அடுத்ததற்கு 1.25. மூன்றாவதற்கு 1.5. நான்காவதற்கு 1.75. என் தம்பிக்கு 7.75.

இரண்டாம் பதிப்பு முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் சொல்லும். ஏழே காலோ ஏழே முக்காலோ, அதற்கு எல்லாரும் ஏழுதான். மூன்றாம் பதிப்பு நேர்மையானது, மிச்சத்தை மறைக்காது. கணக்கு வாத்தியார்கள் கேட்டால் புதுசுதான் சரி என்பார்கள். கணக்கு வாத்தியார்கள் யாரும் எங்கள் ஐஸ் கம்பெனி வாசலில் நின்றதில்லை.

முதல் டோக்கன்காரர் ஒரு பெரிய படகின் டிரைவர், குரலும் பெரிசு. டிவியை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒண்ணு. அவன் ஒண்ணே காலு. அப்ப நான் முடிச்சப்புறம்தான் அவன். எழுதியே கீதே."

"நாலு பேரும் ஒரே வரிசைதாண்ணே" என்றேன்.

"அப்ப எதுக்கும்மா அவனுக்குக் கால் போட்டுக்கீற?"

ஒண்ணே கால்காரர், ஒன்றரைக்கு முன்னால் தனக்கு மெஷின் வேண்டும் என்றார். ஒன்றரை, ஒண்ணே முக்காலை முறைத்தார். இத்தனை வருடம் ஒரே வரிசையில் பீடியை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள் அவரவர் கால் அரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் வேடிக்கை என்னவென்றால், முக்கால்காரர்கள் ஒன்பது பேரும் தனியாகக் கூடிவிட்டார்கள். தங்களை மட்டும் வேண்டுமென்றே ஓரங்கட்டியிருப்பதாக அவர்களுக்கு மனத்தாங்கல். அதில் என் தம்பியும் ஒருவன். பாய் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. நான்கு மெஷினில் ஒன்று ஓடியது, மூன்று சும்மா நின்றன. ஒன்பது மணிக்கு மூன்று படகுக்குத்தான் ஐஸ் ஏறியிருந்தது. இந்த வேகத்தில் தம்பிக்கு ஐஸ் ஏற மறுநாள் காலை ஆகிவிடும்.

வேறு வழியில்லாமல் தோஸ்துக்குப் போன் போட்டேன். விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டான். சிரிக்கிறான் என்று தெரிந்தது.

"பன்னெண்டாவது பாயின்ட்டு" என்றான். "அன்னிக்கு நான் வாயைத் தொறந்தேன், நீ எழுந்து பூட்டே."

"சரிடா, தப்புதான். இப்ப இன்னா பண்றது?"

"வகுக்குறதுக்கு ஒரு சாய்வுக் கோடு போட்டுக்கீறல்ல, அதுக்குப் பக்கத்துல இன்னொரு கோடு போடு. மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும். அவ்ளோதான். நான் கெளம்பி வரேன், எண்ணூர் ரோடு பூரா ட்ரெய்லர் நிக்குது, எப்ப வந்து சேருவேன்னு தெரியல."

ஒரே ஒரு கோடு. நாற்காலியில் உட்கார்ந்து விரலை வைக்கப் போனேன். முதல் டோக்கன்காரர் ஐஸ் ஏற்றி முடித்தும் போகாமல் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழே முக்கால் இப்ப ஏழாப் பூடும்ல?" என்று கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "தம்பி போட்டுக்காக அக்கா டகல்பாஜி பண்ணுது, பாத்துக்குங்க."

பத்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு படகையாவது ஒரு இடம் முன்னே தள்ளியிருப்பேனா? ஆனால் பாய் மெதுவாக என் பக்கம் குனிந்து, "அவன் சொல்றது பொய்தாம்மா. ஆனா ஒன் தம்பி பேரு அதுல கீதே. நீ கை வெச்சா பேச்சு வரும்" என்றார். அவர் சொன்னதும் சரி. கோட்டைப் போட்டால் நான் திருடி, போடாவிட்டால் தம்பிக்குப் படகு இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தம்பி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். டோக்கன் சீட்டை என் கண்ணெதிரில் இரண்டாகக் கிழித்து மேசையில் வைத்தான். "யக்கா, என்னிய அதுலருந்து எடுத்துடு. கடைசில புதுசா ஒரு டோக்கன் போடு. அப்பால கோட்டைப் போடு. எவன் இன்னா பேசுறான்னு பாக்கலாம்."

"கடைசின்னா சாயங்காலம் ஆயிடும்டா. ஒன் ஆளுங்க நிப்பானுங்களா?"

"நிக்கறவன் நிக்கட்டும்" என்றான். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. சின்ன வயதில் அம்மாவிடம் எனக்காகப் பொய் சொல்லும்போதும் அவனுக்கு அப்படித்தான் குரல் இறங்கும்.

முப்பத்தேழாவது டோக்கன் போட்டேன். கோட்டையும் போட்டேன். டிவியில் காலும் அரையும் முக்காலும் மறைந்தன. திடீரென்று எல்லாரும் சமமாகிவிட்டதில் சண்டை போடக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. நான்கு மெஷினும் ஓடத் தொடங்கின. இனி எல்லாருக்கும் முடிந்து, ஐந்து மணிக்குத் தம்பிக்கு ஐஸ் கிடைக்கும். வெளியே போய் ஒரு மூலையில் நின்று அழுதேன், யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஐஸ் தூள் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

நான்கு மணிக்குத் தம்பியின் ஆட்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். போன இடமும் முதல் டோக்கன்காரரின் படகு. மற்ற ஆறு பேரும் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார்கள். கூட்டாளிகள் மூன்று பேரும் படகில் ஏறி, செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா மீன்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். அம்மா பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றின மாதிரி.

அந்த நேரத்தில்தான் தோஸ்து வந்து சேர்ந்தான், ட்ரெய்லர் புழுதியெல்லாம் தலையில் அப்பியிருந்தது. கையில் லேப்டாப். நடந்ததையெல்லாம் வழியிலேயே போனில் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பின்னாலேயே முதல் டோக்கன்காரரும் வந்தார். நான் தம்பியை நடுவில் எங்காவது சொருகிவிட்டேனா என்று பார்க்க வந்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை.

"வா நைனா, குந்து. ஒனக்குத்தான் தூக்கிகினு வந்தேன்" என்று தோஸ்து அவரைப் பிடித்து உட்கார வைத்தான். லேப்டாப்பில் மூன்று கட்டம் திறந்தான். "இது பழைய பதிப்பு. இது புதுசு, ஒரு கோடு போட்டது. இது புதுசு, ரெண்டு கோடு போட்டது. ஒன் டோக்கன் நம்பரை நீயே அடி."

அவர் கட்டைவிரலால் ஒன்று என்று அடித்தார். பழசில் 1. புதுசில் 1.0. கோடு சேர்த்ததில் 1.

"ஒனக்கு ஏதாச்சும் கொறஞ்சுதா?"

"இல்ல."

"இப்ப இவ தம்பி காலைல கிழிச்சான்ல, இருபத்தெட்டு, அதை அடி."

7. அப்புறம் 7.75. அப்புறம் 7.

"இந்த முக்காலைத்தான் அக்கா தம்பிக்காக எடுக்கப் பாக்குதுன்னு நீ சொன்னே. இவன் சீட்டையே கிழிச்சிட்டான். இப்ப முப்பத்தேழு அடி."

10. 10.0. 10.

"எந்தப் பதிப்பு போட்டாலும், எத்தினி கோடு போட்டாலும், இவனுக்குப் பத்துதான். இவனுக்காக யாரும் எதுவும் மாத்தல நைனா. மாத்தினது பூரா மத்தவங்களுக்காக."

எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. முதல் டோக்கன்காரர் மறுபடி முப்பத்தேழு அடித்துப் பார்த்தார். மறுபடி பத்து. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, எழுந்து வாசலுக்குப் போய்த் தன் படகைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், இப்ப வந்த ரெண்டு பேரும் எறங்குங்கடா. அவங்க போட்டுக்குப் போங்க." என்னைப் பார்க்காமலே, "பேஜாராப் பூச்சும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். எங்கள் பக்கத்தில் மன்னிப்பு என்றால் அதுதான்.

ஐந்து மணிக்கு டிவியில் அம்மாவின் பெயர் மட்டும் நின்றது, பக்கத்தில் பத்து. பத்தாவது வரிசையில் வேறு படகே இல்லை. பாய் டிவியைப் பார்த்தார், மெஷின்களைப் பார்த்தார். "வரிசைக்கு நாலு மெஷின், அதானே கணக்கு?" என்று நான்கையும் தம்பிக்கே ஓட விட்டார். கால் மணி நேரத்தில் ஐஸ் ஏறி முடிந்தது. எட்டுப் பேரும் ஐஸ் வண்டியைத் தள்ளினார்கள், கூட்டாளிகள் மூன்று பேரும் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கூடவே தள்ளினார்கள். அன்று துறைமுகத்திலேயே குறைந்த நேரத்தில் ஐஸ் ஏற்றிய படகு என் தம்பியுடையதுதான்.

"இப்ப சொல்லு. புதுசு நல்லதா, பழசு நல்லதா?" என்றான் தோஸ்து.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே வந்துவிட்டாள். ஐஸ் ஏறிய படகின் பெயரைத் திரையிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம், அதற்காக விசையில் விரலை வைத்திருந்தேன். அம்மா டிவியின் கீழே போய் நின்று, அண்ணாந்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இரும்மே" என்றாள். "இன்னும் ரெண்டு எழுத்து கீது."

நான் விரலை எடுத்துவிட்டேன்.